முட்டை சிக்கிய பச்சோந்தி: ஆபரேஷனுக்குக் கொண்டு போகும் முன்

14.11.2024, இரவு 9.10. தொண்டித் தம்பி:

என்னிடம் இருப்பது பெண் பச்சோந்தி, ஏமன் வகை. பெயர் ஜில்லு, வயது இரண்டு. வயிறு பம்மென்று இருக்கிறது. ஐந்து நாளாகச் சிள்வண்டைக் காட்டினால் ஒரு கண்ணால் பார்ப்பதோடு சரி, நாக்கை நீட்டவில்லை. நாள் முழுக்கக் கூண்டு வலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் முட்டை சிக்கிவிட்டது, ஆபரேஷன்தான் என்கிறார். கீழக்கரைக் காக்கா (அண்ணன்), உங்கள் பச்சோந்தி மரகதத்துக்கு இதே ஆபரேஷன் நடந்ததாக எழுதியிருந்தீர்கள். என்ன தயார் செய்ய வேண்டும்? ஆபத்து எவ்வளவு? மரகதம் நன்றாக இருக்கிறதா?

14.11.2024, இரவு 10.35. கீழக்கரைக் காக்கா (இனிப் பெயர் போடாத பதிவெல்லாம் என்னுடையது):

ஏமன் வகைதானா? தலையில் கொண்டை நிமிர்ந்து நிற்கிறதா? ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் பக்கத்துக் கருவேலங்காட்டில் பிடித்த நாட்டுப் பச்சோந்தி என்றால் அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972. அதற்கு இங்கே யாரும் யோசனை சொல்ல மாட்டார்கள், நேரே வனத்துறை அலுவலகத்துக்குக் கொண்டு போ. வெளிநாட்டு வகை என்றால் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும், 2024 பிப்ரவரியில் விதி வந்துவிட்டது. பதிந்த தாளை டாக்டரிடம் போகும்போது கையில் வைத்துக்கொள்.

மரகதத்துக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. 36 முட்டை எடுத்தார்கள்.

என் யோசனை ஒன்றுதான். தள்ளிப்போடாதே, நாளைக்கே சென்னைக்குக் கிளம்பு. ஊர்வனவற்றை அறுத்துப் பழகிய கை நம் மாவட்டத்தில் எனக்குத் தெரிந்து இல்லை.

15.11.2024, காலை 7.20. கால்நடை மாணவி:

காக்கா, கொஞ்சம் பொறுங்கள். முட்டை வைத்திருப்பது வேறு, முட்டை சிக்கிக்கொள்வது வேறு. ஏமன் பெண் ஆணே இல்லாமலும் முட்டை வைக்கும். நேரம் நெருங்கினால் சாப்பாட்டை நிறுத்தும், இடம் தேடி அலையும். அவர் எழுதியதைப் பார்த்தால் அலைகிற பச்சோந்தி மாதிரிதான் தெரிகிறது. குழி தோண்ட மண் வைத்திருக்கிறாரா என்று யாரும் கேட்கவே இல்லையே?

15.11.2024, காலை 8.05

சரிதான். நேற்றிரவு எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். என் கடைக்கு வரும் போனில் சார்ஜ் ஏறவில்லை என்றால் முதலில் பின்னில் தூசி இருக்கிறதா என்று பார்ப்பேன், போர்டைக் கழற்றுவது கடைசி. பச்சோந்தி என்றதும் எடுத்த எடுப்பிலேயே போர்டைக் கழற்றச் சொல்லிவிட்டேன்.

தம்பி, கூண்டில் மண் இருக்கிறதா? எவ்வளவு ஆழம்?

15.11.2024, காலை 8.40. தொண்டித் தம்பி:

ஒரு தட்டில் தென்னை நார்த்தூள் இருக்கிறது. நாலு விரல் உயரம் இருக்கும்.

15.11.2024, காலை 9.00

அதுதான் விஷயம். நாலு விரல் உயரத்தில் அது எப்படிச் சுரங்கம் தோண்டும்? 20 லிட்டர் பெயிண்ட் வாளி ஒன்றை நன்றாகக் கழுவி எடு. ஆற்று மணலும் நார்த்தூளும் கலந்து ஒரு அடிக்குக் குறையாமல் நிரப்பு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரம் போதும், பிழிந்தால் தண்ணீர் சொட்டக் கூடாது. விரலால் ஒரு துளையை நீயே தொடங்கி வை. இடிந்து விழுகிற மண்ணாக இருந்தால் தோண்டத் தோண்ட விட்டுவிடும். கூண்டைச் சுற்றித் துணி கட்டு. தோண்டும்போது நீ பார்ப்பது தெரிந்தால் வேலையைப் பாதியில் நிறுத்தி ஏறிவிடும். வாளிக்குள் எட்டி எட்டிப் பார்க்கிற உன் அவசரம்தான் அதற்கு முதல் எதிரி.

கைக்கு எட்டும் தூரத்தில் கடற்கரை மணல் கிடக்கிறதே என்று அள்ளிப் போட்டுவிடாதே. உப்பு. கூண்டில் தெளிக்கிற தண்ணீரும் அப்படித்தான். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம், காவிரிக் கூட்டுக் குடிநீரோ கேன் தண்ணீரோ எடு.

17.11.2024, பிற்பகல்

வாளி வைத்து இரண்டு நாள் ஆகிறது, தம்பியிடமிருந்து சத்தமில்லை. அதற்குள் பாம்பன்காரர் ஒருவர் "கட்சி மாறுகிறவனுக்கு வைத்தியம் பார்க்காதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். பச்சோந்தியை அரசியல்வாதிக்கு உவமை சொன்னவர் பச்சோந்தியை வளர்த்ததில்லை. அது சுவருக்குத் தகுந்தபடி மாறுகிற ஆள் இல்லை. மனசுக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி மாறும். தோலுக்குள் பொடிப் படிகங்கள் இருக்கின்றன, அவற்றின் இடைவெளி கூடினால் ஒரு நிறம், குறைந்தால் ஒரு நிறம். 2015-ல்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். மறைக்கத் தெரியாத பிராணி என்றுதான் சொல்ல வேண்டும். கோபம் வந்தால் உடம்பு முழுக்க எழுதி ஒட்டிவிடும்.

எங்கள் உம்மாவுக்கு இன்றுவரை அது ஓணான்தான். வெயில்டு கேமலியன் என்று பெயர் சொன்னேன். "வெயில்ல வளர்ற ஓணானா? நம்ம ஊர்ல இல்லாத வெயிலா, ஏமன்லேர்ந்து எதுக்கு?" என்றார். ராமேஸ்வரம் பக்கத்துப் பையன்களுக்கு வேறு கதை. ராமர் தாகத்தில் தவித்தபோது அணில் இளநீர் கொடுத்ததாம், ஓணான் மூத்திரம் பெய்து கொடுத்ததாம். அந்தக் கணக்கை இன்னும் கல்லால் தீர்த்துக்கொண்டிருக்கிறார்கள். மரகதம் ஒருமுறை ஜன்னல் கம்பியில் தொற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து ஒரு பொடியன் கல்லைத் தேடினான். ஐஸ் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

18.11.2024, மாலை 6.15. தொண்டித் தம்பி:

முதல் நாள் இறங்கித் தோண்டியது, நடுவில் ஏறிவிட்டது. இரண்டாம் நாளும் அப்படியே. இன்று தோண்டவில்லை. மதியம் 12 மணிக்குத் தரையில் கண்ணை மூடிக் கிடந்தது. எடுத்தால் விரலை இறுக்கிப் பிடிக்கவில்லை. எச்சத்தோடு வெள்ளையாக வரும் யூரேட் (சிறுநீர்க் கழிவு) ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. ஊரில் ஒருவர் முட்டை இறங்க ஊசி போடலாம் என்கிறார்.

18.11.2024, மாலை 6.40

ஊசி வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

பகலில் கண்ணை மூடுவதும் தரையில் கிடப்பதும் அலைச்சல் இல்லை. இப்போது முதல் நாள் சொன்னதை மறுபடி சொல்கிறேன், கிளம்ப வேண்டிய நேரம்தான். ஆனால் ராமநாதபுரத்தில் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டுப் போ. ஆடு மாடு பார்க்கிற டாக்டராக இருந்தாலும் பரவாயில்லை, படம் எடுத்துத் தந்தால் போதும். சென்னை டாக்டருக்குப் போனில் அனுப்பு.

ஊசிக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மரகதத்தை முதலில் பக்கத்து நகரத்தில் ஒரு இடத்துக்குத்தான் கொண்டு போனேன். படம் எடுக்கவில்லை, கால்சியம் பார்க்கவில்லை. "பசுவுக்குப் போடுவதுதான், அளவு குறைத்துப் போடுகிறேன்" என்று ஆக்சிடோசின் போட்டார், கருப்பையைச் சுருங்க வைக்கிற மருந்து. பல்லி இனத்துக்கு அந்த மருந்து சரியாக வேலை செய்யாது. கால்சியம் குறைந்த உடம்பில் தசைக்கே பலமிருக்காது, அப்புறம் எதை வைத்துத் தள்ளும்? முட்டை பெரிதாகியோ உருமாறியோ வழியை அடைத்திருந்தால் தள்ளுகிற தள்ளில் முட்டைக் குழாயே கிழியலாம். அன்றிரவு மரகதம் கிளையைப் பிடித்தபடி உடம்பை வில்லாக வளைத்து வளைத்து நிமிர்ந்தது. ஒரு முட்டைகூட வரவில்லை. அந்த மூன்று மணி நேரத்தை நினைத்தால் இன்னும் கையெல்லாம் சில்லிடுகிறது.

19.11.2024

எக்ஸ்ரே பார்த்தேன். வயிறு முழுக்கச் சவ்வரிசிப் பாயசம். 30 வரை எண்ணிவிட்டுக் கைவிட்டேன். விலா எலும்பு எங்கே முடிகிறது, முட்டை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. சென்னை டாக்டர் வெள்ளிக்கிழமை வரச் சொன்னதாகத் தம்பி எழுதியிருக்கிறான். "அதுவரை அறுக்காமல் விடலாமா?" என்று கேட்கிறான். விடலாமா என்று கேட்காதே. அந்த இரண்டு நாளில் நீ செய்வதுதான் பாதி ஆபரேஷன். இரவு விரிவாக எழுதுகிறேன்.

20.11.2024, இரவு

நேற்று எழுதவில்லை, இன்றும் முடியவில்லை. என்ன மழை! ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டிவிட்டது. கடைக்குள் கணுக்கால் தண்ணீர், கரண்டும் இல்லை. போனில் 11 சதவீதம் இருக்கிறது, சுருக்கமாகச் சொல்கிறேன்.

கரண்ட் போய்விட்டதால் விளக்குச் சூடு இல்லை என்று தம்பி கவலைப்படுகிறான். வெந்நீரைப் பாட்டிலில் ஊற்றி இரண்டு சுற்று துண்டு சுற்றி, கூண்டுக்கு வெளியே ஒரு ஓரமாகச் சாய்த்து வை. பச்சோந்தியின் உடம்பில் படக் கூடாது. சூடு பிடிக்காவிட்டால் அது விலகிப் போக இடம் இருக்க வேண்டும். இந்த மழையில் காரை எடுக்காதே.

21.11.2024, காலை. நீளமான குறிப்பு

கரண்ட் வந்துவிட்டது. தயாரிப்பு என்று நான் சொல்ல நினைத்தது இதுதான்.

முதலில் தண்ணீர். காய்ந்த உடம்போடு மேசைக்குப் போனால் ரத்த அழுத்தம் விழும், சிறுநீரகம் மருந்தைக் கழிக்கத் திணறும். பச்சோந்தி கிண்ணத்தில் குடிக்காது, இலையில் சொட்டு ஓடினால்தான் குடிக்கும். ஒரு நாளைக்கு நாலு தடவை வெதுவெதுப்பான தண்ணீரைத் தெளி. வாய் ஓரத்தில் சொட்டு வைத்துப் பார், தானாக நக்கினால் நல்லது. வாயைப் பிளந்து சிரிஞ்சால் பீச்சாதே, மூச்சுக்குழாய்த் துளை நாக்கின் அடியிலேயே இருக்கிறது. கண் குழி விழுந்திருக்கிறதா, யூரேட் வெள்ளைக்குத் திரும்புகிறதா என்று குறித்துக்கொண்டே வா. மீதியைச் சென்னையில் ஊசி வழியாக ஏற்றுவார்கள்.

அடுத்தது சூடு. அதன் உடம்புக்குச் சொந்தமாக அடுப்பு இல்லை. குளிர்ந்திருக்கும் பச்சோந்திக்குக் கொடுத்த மருந்து உடம்பில் அப்படியே நிற்கும், இறங்காது. பகலில் விளக்கடியில் 29, 30 டிகிரி, மறுபக்கம் 25 போதும். ஜாஸ்தியாக்கிக் காய்ச்சிவிடாதே.

சாப்பாடு. ஜில்லு தானே சாப்பிடவில்லை என்பதால் பிரச்சினை இல்லை. பொதுவாகச் சொன்னால், நாய்க்கு மாதிரி வாந்தி வரும் என்பதற்காக மட்டும் பட்டினி போடுவதில்லை. பச்சோந்திக்கு நம்மைப் போல் உதரவிதானம் கிடையாது. நிறைந்த வயிறு நேரே நுரையீரலை நசுக்கும். ஏற்கெனவே அங்கே முட்டைகள் உட்கார்ந்திருக்கின்றன. கடைசித் தீனிக்கும் கத்திக்கும் எத்தனை மணி நேரம் என்பதை டாக்டர் சொல்வார், அவர் சொன்னது மட்டும்தான் கணக்கு. என் அனுபவத்தை வைத்து நீ மணி பார்க்காதே.

எடை. மருந்து அளவு முழுக்க எடையில்தான் நிற்கிறது. சமையலறைத் தராசு 5 கிராம் முன்னே பின்னே காட்டும், அந்த 5 கிராம் இங்கே பெரிய தொகை. நான் மரகதத்தை நகைக்கடைக்காரரிடம் கொண்டு போய்த்தான் நிறுத்தேன். அவர் தராசில் விட மாட்டேன் என்றார். பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, டப்பா எடையைக் கழித்து, 114.6 என்று துண்டுச் சீட்டில் எழுதித் தந்தார். செய்கூலி சேதாரம் இல்லை என்று சிரித்தார்.

பெட்டி. காற்றுத் துளை போட்ட சின்னப் பெட்டி போதும். பெரிய பெட்டியில் பிரேக் போட்டால் உருளும். குறுக்கே ஒரு குச்சி கட்டாயம் வேண்டும். பிடிக்க ஒன்று இல்லாவிட்டால் அது வழி முழுக்கத் தேடிக்கொண்டே வரும். அடியில் ஈரத் துணி, மேலே கறுப்புத் துணி. உள்ளே சின்ன வெப்பமானி ஒன்றை ஒட்டிவிடு. ஏசி காற்று நேரே படக் கூடாது.

21.11.2024, இரவு. விட்டுப்போனது

டாக்டரிடம் கேட்க வேண்டியவை. இதுவரை எத்தனை பச்சோந்தியைத் திறந்திருக்கிறீர்கள்? அறுப்பவர் ஒருவர், மூச்சைப் பார்க்கிறவர் இன்னொருவரா? ராத்திரி யார் இருப்பார்கள்? முட்டையை மட்டும் எடுப்பீர்களா, முட்டை உருவாகிற சூலகத்தையும் சேர்த்தா? கடைசிக் கேள்வியை விடாதே. முட்டையை மட்டும் எடுத்தால் அடுத்த முறையும் இதே கதைதான். முட்டைக் குழாயை எடுத்துவிட்டுச் சூலகத்தை விட்டால் அது இன்னும் மோசம், மஞ்சள் கருவெல்லாம் வயிற்றுக்குள்ளேயே கொட்டும்.

கேட்டால் கோபப்படுகிற டாக்டரிடமிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடு.

22.11.2024, காலை 5.30. தொண்டித் தம்பி:

கிளம்பிவிட்டோம் காக்கா. திருச்சி வழி. லாத்தாவும் (அக்கா) கூட வருகிறார், மடியில் பெட்டி.

23.11.2024

டாக்டர் உடனே அறுக்கவில்லை என்று தம்பிக்கு வருத்தம். இரண்டு, மூன்று நாள் தண்ணீர் ஏற்றி, கால்சியம் கொடுத்து, ரத்தம் பார்த்துத் திங்கட்கிழமை என்றாராம். அந்த டாக்டருக்கு என் சலாம். சரியான ஆளிடம்தான் போயிருக்கிறாய். 118 கிராம் பச்சோந்தியின் உடம்பில் மொத்த ரத்தமே 6 முதல் 9 மில்லி. ஒரு தேக்கரண்டி, இரண்டு தேக்கரண்டி. சோதனைக்கு அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்க முடியாது. ஆபரேஷனில் ஒரு பஞ்சு நனைந்தாலே அது கணக்கில் வரும்.

சரி, ஆபத்து எவ்வளவு என்ற கேள்விக்கு இதுவரை பதில் சொல்லாமலேயே வந்துவிட்டேன். இங்கிலாந்தில் 2008-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று இருக்கிறது. மயக்க மருந்தோடு சேர்ந்த சாவு நாய்க்கு 0.17 சதவீதம், பூனைக்கு 0.24, முயலுக்கு 1.39. உடம்பு சிறுக்கச் சிறுக்க ஆபத்து கூடுவதைப் பார். உன் ஜில்லு முயலைவிட எத்தனை மடங்கு சின்னது, அதுவும் நோயோடு போயிருக்கிறது.

மூச்சு விஷயம் தனி. என் உம்மாவின் வாப்பா சங்கு குளித்தவர். தண்ணீருக்குள் அவர் மூச்சடக்குவதைப் பற்றி ஊரில் கதை கதையாகச் சொல்வார்கள். பச்சோந்தியும் அப்படித்தான். முகமூடி வைத்து ஐசோஃப்ளூரேன் என்ற மயக்க வாயுவைக் காட்டினால் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். உள்ளே இழுத்தால்தானே மயங்கும்? அதனால் முதலில் ஊசியில் தூக்கம், பிறகு தொண்டையில் மெல்லிய குழாய், அதன் வழியே காற்றை ஒருவர் கையால் ஊட்டிக்கொண்டே இருக்க வேண்டும், நிமிடத்துக்கு நாலைந்து தடவை. ஆபரேஷன் முடிந்தாலும் அந்தக் கை நிற்கக் கூடாது. முழு ஆக்சிஜனிலேயே வைத்திருந்தால் உடம்பு "எனக்குத்தான் வேண்டியது கிடைக்கிறதே" என்று தானாக மூச்சு விட மறந்துவிடும். அதனால் கடைசியில் சாதாரணக் காற்றுக்கு மாற்றுவார்கள்.

இன்னொன்று, கேட்கவே சங்கடமானது. ஊர்வனவற்றில் மூளை அடங்கிய பிறகும் இதயம் வெகுநேரம் அடிக்கும். இதயத் துடிப்பைக் கேட்கிற டாப்ளர் கருவியில் சத்தம் கேட்கிறது என்பதாலேயே உயிர் இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது.

24.11.2024, மாலை 5.50. தொண்டித் தம்பி:

நாளை காலை 10 மணிக்கு ஆபரேஷன். முடிந்ததும் சாயங்காலமே கிளம்பிவிடலாம் என்று இருக்கிறோம். லாத்தாவுக்கு செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போக வேண்டும். ராத்திரி ரோடு காலியாக இருக்கும் இல்லையா?

24.11.2024, மாலை 6.30

கிளம்பாதே.

முதல் நாள் நீ கேட்ட கேள்வி மூன்று. மூன்றாவதற்கு நான் பதில் எழுதவில்லை, யாரும் கவனிக்கவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதினேன், அது பொய் இல்லை. 36 முட்டையும் வந்தது, தையல் போட்டார்கள், மரகதம் கண் திறந்தது. 2022 டிசம்பர். "இன்றிரவு இங்கேயே இருக்கட்டும்" என்று டாக்டர் சொன்னார். காலையில் கடை திறக்க வேண்டும் என்று நான் சொன்னேன். ஒரு வாடிக்கையாளரின் ஐபோன் டிஸ்பிளே. அவருக்குக் காலை 11 மணிக்குத் தருவதாக வாக்குக் கொடுத்திருந்தேன்.

மாலை 7 மணிக்குக் கிளம்பினோம். டிரைவர் தூங்கிவிடக் கூடாது என்று ஏசியை வைத்திருந்தார். பெட்டி பின் சீட்டில், மேலே துணி இருக்கிறதே என்ற தைரியம். உளுந்தூர்ப்பேட்டை தாண்டி ஒரு டீக்கடையில் நிறுத்தி, போன் வெளிச்சத்தில் பெட்டியைத் திறந்தேன். கறுத்திருந்தது. பச்சை ஒரு புள்ளி இல்லை. பச்சோந்தியின் பாதம் தெரியுமே, ஒரு பக்கம் மூன்று விரல், மறுபக்கம் இரண்டு, நான் போனுக்குப் பயன்படுத்துகிற இடுக்கி மாதிரி. என் சுண்டுவிரலை அதற்குள் வைத்தேன். மூடவில்லை. டீக்கடை அடுப்புப் பக்கத்தில் அரை மணி நேரம் வைத்து உட்கார்ந்திருந்தேன். கொஞ்சம் அசைந்தது. வீட்டுக்கு வந்து ஒரு நாள் இருந்தது, மறுநாள் அஸர் தொழுகைக்கு முன்னால் போய்விட்டது.

மயக்க மருந்து இறங்காத உடம்பைக் குளிர வைத்துவிட்டேன் என்று டாக்டர் சொல்லவில்லை, நான் கேட்கவும் இல்லை. ஊசி போட்டவரை ஊர் முழுக்கத் திட்டினேன். போன வாரம் இங்கேயும் திட்டியிருக்கிறேன். அவர் செய்ததும் தப்புதான். ஆனால் மரகதம் அந்த ஊசியைத் தாண்டிவிட்டது, ஆபரேஷனையும் தாண்டிவிட்டது.

ஐபோன்காரர் அன்றைக்கு வரவே இல்லை.

மண்ணடியில் என் மச்சான் வீடு இருக்கிறது. நம்பர் தனிச்செய்தியில் அனுப்புகிறேன். ஒரு வாரம் ஆனாலும் தங்கு.

24.11.2024, இரவு 9.15. கால்நடை மாணவி:

எழுதியதற்கு நன்றி காக்கா. தம்பி, ராத்திரி அறை 25 டிகிரிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

25.11.2024, பகல் 1.40. தொண்டித் தம்பி:

முடிந்தது. 43 முட்டை. சூலகம் இரண்டையும் எடுத்துவிட்டார். இன்னும் தூக்கம்தான். மூச்சு கையால் கொடுக்கிறார்கள்.

25.11.2024, மாலை 4.25. தொண்டித் தம்பி:

தானாக மூச்சு விடுகிறது. ஒரு கண் மட்டும் திறந்து லாத்தாவைப் பார்த்தது, மறு கண் டாக்டரை. குழாயை எடுத்துவிட்டார்கள். மச்சான் வீட்டுக்குப் போகவில்லை, இன்றிரவு இங்கேயே இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னார், சரி என்றோம்.

25.11.2024, மாலை 4.26

அல்ஹம்துலில்லாஹ்.

26.11.2024

நேற்று வேலையே ஓடவில்லை. ஒரு சார்ஜிங் போர்ட்டை இரண்டு தடவை தலைகீழாக வைத்துவிட்டேன்.

தையல் ஏன் பக்கவாட்டில் இருக்கிறது என்று தம்பி கேட்கிறான். பச்சோந்தி உடம்பு இரண்டு பக்கமும் அமுக்கிய தட்டை. நடுவயிற்றில் ஒரு பெரிய ரத்தக்குழாய் நீளமாக ஓடுகிறது. விலாவை ஒட்டித் திறந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. விளிம்பு வெளியே பிதுங்கித் தெரிவது தப்பாகப் போட்ட தையல் இல்லை. ஊர்வனவற்றின் தோல் உள்ளே மடியப் பார்க்கும், அதனால் வேண்டுமென்றே வெளியே மலர்த்தித் தைக்கிறார்கள். ஆறு வாரம், சில சமயம் அதற்கும் மேல் இருக்கும். நம் தையல் மாதிரி பத்து நாளில் பிரிக்கக் கேட்காதே.

கூண்டில் கிளைகளையெல்லாம் ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிவிடு. பிடி தளர்ந்து விழுந்தால் தையல் தெறிக்கும். மணலும் நார்த்தூளும் வேண்டாம், வெறும் துணி அல்லது பேப்பர். காயத்தில் தண்ணீர் தெளிக்காமல், வாய் ஓரத்தில் சொட்டு மட்டும். வலி மருந்தை, நன்றாகத்தானே இருக்கிறது என்று நீயாக நிறுத்தாதே. வலித்தாலும் அது கத்தப் போவதில்லை.

30.11.2024, இரவு

ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடக்கிறது. தம்பி மண்ணடியில், நான் இங்கே வாடைக்காற்றில். பச்சோந்தி நலமா என்று கேட்டால் "காக்கா, மச்சான் வீட்டில் தினமும் இடியாப்பம்" என்கிறான். லாத்தாவின் லீவு நாலு நாள் நீண்டுவிட்டது. ஜில்லு 81 கிராம். பயப்படாதே, குறைந்ததில் பெரும்பங்கு முட்டை.

2.12.2024

விழுப்புரம் பக்கம் ரோட்டில் வெள்ளம். இன்னும் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். நான் சொல்லவே வேண்டாம், அவனே வண்டி எடுக்க மாட்டேன் என்கிறான்.

8.12.2024

ஊர் வந்துவிட்டார்கள். பகலில் கிளம்பி, நடுவில் திருச்சியில் ஒரு ராத்திரி தங்கி.

21.11 குறிப்பில் சூடு பற்றி நான் எழுதியதில் ஒரு திருத்தம். 29, 30 டிகிரி நோயாளிக்கும் குணமாகும் காலத்துக்கும் சரி. சாதாரண நாளில் பெண் பச்சோந்தியை அவ்வளவு சூட்டிலேயே வைத்து, கேட்டபோதெல்லாம் தீனி போட்டால் முட்டை எண்ணிக்கை ஏறும் என்று மாணவி தனிச்செய்தியில் சொன்னார். மரகதத்துக்கு நான் செய்தது அதுதான். கடைக்குப் போகும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை, ராத்திரி உம்மா "பாவம், பசிக்குது போல" என்று ஒரு தடவை. நாக்கு வந்து டப்பென்று அடிக்கிற அழகைப் பார்க்கத்தான் பாதி தீனி போட்டேன். ஜில்லுவுக்கு இனி முட்டைக் கவலை இல்லை, சூலகமே இல்லை. ஆனால் பெண் பச்சோந்தி வைத்திருக்கிற மற்றவர்கள் இதைக் கவனியுங்கள். வளர்ந்ததற்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் போதும். வாளி மண்ணை எடுக்கவே வேண்டாம், எப்போதும் கூண்டில் இருக்கட்டும்.

12.1.2025, இரவு 8.20. தொண்டித் தம்பி:

இன்று தையல் பிரித்தாயிற்று. சென்னைக்குப் போகவில்லை, டாக்டர் வீடியோவில் சொல்லச் சொல்ல ராமநாதபுரத்து ஆட்டு டாக்டரே பிரித்தார். ஏழு துண்டு நைலான். எடை 97. டாக்டரின் சட்டைப் பித்தானை வெட்டுக்கிளி என்று நினைத்து நாக்கை விட்டது.

12.1.2025, இரவு 8.45

பித்தான் கிடைத்ததா?

12.1.2025, இரவு 8.47. தொண்டித் தம்பி:

இல்லை. இழுத்துப் பார்த்துவிட்டு விட்டுவிட்டது. காக்கா, ஒன்று கேட்கட்டுமா, நகைக்கடைச் சீட்டு இன்னும் வைத்திருக்கிறீர்களா?

12.1.2025, இரவு 9.30

இருக்கிறது. மல்டிமீட்டர் டப்பாவுக்குள். 114.6.